எண் இரண்டுக்கு இறக்க அனுமதி இல்லை

நவம்பர் 3, திங்கள்

இன்று எண் இரண்டைக் கழுவினோம்.

மாதத்தின் முதல் திங்களன்று எல்லா விமானங்களும் கழுவப்பட வேண்டும் என்பது இந்தப் படையின் நிலையாணை. எண் இரண்டு பறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் இருக்கைகள் இல்லை. விமானி அறையில் கருவிகள் இருந்த இடங்களில் வட்ட வட்டமாக ஓட்டைகள். ஒரு சக்கரத்தின் பிரேக்கும் இல்லை. ஆயினும் சோப்பு நீரால் கழுவி, துடைத்து, வாலில் எழுதியுள்ள எண்ணுக்கு மெருகும் இட்டோம். ஈமச் சடங்கில்கூட உடலை ஒரு முறைதான் குளிப்பாட்டுவார்கள்.

இத்தீவு நாட்டின் வான்படையிடம் மூன்று போக்குவரத்து விமானங்கள் உள்ளன என்று அரசின் எல்லா அறிக்கைகளும் கூறுகின்றன. இரட்டை எஞ்சின், புல்தரையிலும் இறங்கும், இருபது பேர் அமரலாம். நல்ல வடிவமைப்பு. அவற்றுள் பறப்பது எண் ஒன்று மட்டுமே. எண் மூன்று வெறும் கூடு. எண் இரண்டு, இறந்தும் இறவாமலும், நடுவில் நிற்கிறது.

எண் ஒன்றுக்கு ஒரு பாகம் தேவைப்பட்டால் எண் இரண்டிலிருந்து கழற்றுகிறோம். உலகெங்கும் செய்வதுதான். இந்திய விமானப்படையில் இருபத்தைந்து ஆண்டுகள் நானும் செய்திருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் கழற்றப்படும் விமானம் முதலில் படையின் எண்ணிக்கையிலிருந்து நீக்கப்படும். இங்கே நீக்குவதில்லை. மூன்று விமானங்கள் இருந்தால்தான் இது ஓர் 'அணி'. அணி இருந்தால்தான் அதற்கு ஒரு கர்னல். எனவே எடுப்பதெல்லாம் 'தற்காலிகம்'. யாரேனும் பார்வையிட வரும்போது எண் ஒன்றிலிருந்து கழற்றி எண் இரண்டில் பொருத்துகிறோம். அவர்கள் போனதும் மீண்டும் கழற்றி எண் ஒன்றுக்குக் கொண்டுவருகிறோம். ஒவ்வொரு முறையும் திருகின் புரி சற்றுத் தேய்கிறது.

முனிரத்தினத்திடம் இதன் அபத்தத்தை விளக்கினேன். அவர் என்னைப் போலவே ஓய்வுபெற்று ஒப்பந்தத்தில் வந்தவர், வேலூர்க்காரர், எஞ்சின் பிரிவின் மூத்த தொழில்நுட்பர்.

"இது கைமாத்து சார். பொண்ணு பாக்க வர்றாங்கன்னா பக்கத்து வூட்டு நாற்காலிய வாங்கிப் போடறது இல்ல? அந்த மாதிரி."

"நாற்காலியில் யாரும் பறப்பதில்லை, முனிரத்தினம்."

"பொண்ணு பறந்துடும் சார், சில நேரம்."

இவரோடு விவாதிப்பது வீண்.

நவம்பர் 6, வியாழன்

ஓதிலுக்கான வாராந்தரப் பயணம் ஒழுங்காக முடிந்தது. ஓதில் இந்நாட்டின் கடைசித் தீவு. நவம்பர் முதல் மார்ச் வரை கடல் கொந்தளிப்பால் பவளப்பாறையைக் கடந்து எந்தப் படகும் அங்கே கரைசேர முடியாது. இந்த மாதங்களில் அரிசி, மருந்து, தபால், நோயாளி எல்லாவற்றுக்கும் எண் ஒன்றுதான் வழி.

விமானி சுகிர்தா. அவளுடைய பெற்றோர் எண்பதுகளில் பருத்தித்துறையிலிருந்து இங்கு வந்து மளிகைக் கடை வைத்தவர்கள். அவள் இங்கேயே பிறந்தவள். முப்பது வயதுக்குள் லெப்டினன்ட் ஆகிவிட்டாள். இறங்கியதும் ஹேங்கருக்குள் வந்து, "சேர், இடப்பக்க விசிறி ஒரு சொட்டு பிந்தி வருது. காதுக்குள்ள இரையுது" என்றாள். சோதித்தேன். அவள் சொன்னது சரி. சரிசெய்தேன்.

ஓதிலின் ஓடுதளக் காவலர் பெனுவா அவளிடம் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறார். காலைதோறும் வானொலியில் காற்றின் திசையைச் சொல்வதும், புல்தரையிலிருந்து ஆடுகளை விரட்டுவதும் அவருடைய வேலை. காற்று எப்படி என்று கேட்டால், தன் மனைவியின் மனநிலையைச் சொல்லிவிட்டுத்தான் காற்றுக்கு வருவார். நான் அவரை நேரில் பார்த்ததில்லை.

சுகிர்தா சாப்பிட்டாளா என்று கேட்டேன். பறப்பவர்களின் உடல்நிலை பணி ஒழுங்கைச் சேர்ந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

பாளையங்கோட்டையிலிருந்து என் மனைவி மரகதம் பேசினாள்.

"இப்ப யார்கூட மல்லுக்கு நிக்கிய?"

"யாருடனும் இல்லை. ஒரு நிர்வாகச் சிக்கல்."

"நீங்க நிர்வாகம்னு சொன்னா நாலு நாளா ஒழுங்கா சாப்பிடலன்னு அர்த்தம்."

மறுத்தேன்.

நவம்பர் 12, புதன்

கர்னல் மொரெலைச் சந்தித்து எண் இரண்டைப் படையிலிருந்து நீக்கக் கோரினேன். இது நான்காவது கோரிக்கை. எண் இரண்டை முறைப்படி நீக்கினால் அதன் பாகங்கள் எண் ஒன்றுக்கு நிரந்தர உதிரிகளாகும். ஓதில் பயணம் இந்தப் பருவம் முழுவதும் தடைபடாது என்று விளக்கினேன்.

கர்னல் மோசமானவர் அல்லர். அதுதான் தொல்லை. அவர் ஆங்கிலத்தில், இனிமையான குரலில் பேசுவார். எதிராளியை முழுமையாகப் பேசவிடுவார். பிறகு காப்பி வரவழைப்பார். இன்றும் வரவழைத்தார். டிசம்பர் 12, சுதந்திர தின விழாவுக்கு, நட்பு நாடொன்றின் தூதுக்குழு வருகிறதாம். நம் விமானங்களுக்குப் புதிய வழிகாட்டும் கருவிகளை அன்பளிப்பாகத் தர விரும்புகிறார்களாம். ஆனால் இயங்கும் விமானங்களுக்கு மட்டும்தான் தருவார்களாம்.

"ஆகவே, பொறியாளரே, இந்த மாதத்தில் யாரும் சாக வேண்டாம்" என்றார்.

காப்பி நன்றாக இருந்தது என்பதையும் நேர்மையின் பொருட்டுக் குறிக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

எண் ஒன்றின் பிரேக்கில் எண்ணெய்க் கசிவு. அதற்குரிய ரப்பர் வளையம் கையிருப்பில் இல்லை. எண் மூன்றிலிருந்து எடுத்தோம். எண் மூன்றில் இருந்தது எண் இரண்டினுடையது. எண் இரண்டில் இருந்தது தொடக்கத்தில் எண் ஒன்றினுடையது. வளையம் வீடு திரும்பியிருக்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்

கர்னல் அழைத்து ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார்.

தூதுக்குழு விழாவுக்கு முதல் நாள் எண் ஒன்றில் ஓதிலுக்குச் சென்று திரும்பும். எனவே எண் ஒன்றைப் பற்றி அவர்களுக்கு ஐயம் எழாது. மறுநாள் காலை, அணிவகுப்பில் நிற்கும் எண் இரண்டின் எஞ்சின்களை அவர்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். எண் மூன்று 'பராமரிப்பில்' இருக்கும்.

எண் இரண்டின் பழைய எஞ்சின்கள் தரையில் ஓடும். ஆனால் ஒன்றுக்குக் கவர்னர் இல்லை. ஒரு செம்பு அளவுள்ள பொருள் அது. விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதை ஆள்வது அதுதான். அது இன்றி எஞ்சினை ஓட்டுவது அறிவுடைமையாகாது. எனவே எண் ஒன்றின் கவர்னர்களுள் ஒன்றை முதல் நாள் மாலை எண் இரண்டுக்கு மாற்றி, காட்சி முடிந்த பின் திருப்பிப் பொருத்த வேண்டும். அதாவது, ஓர் இரவும் ஒரு காலையும் இந்நாட்டில் ஓதிலுக்குப் பறக்கும் விமானம் ஒன்றுகூட இருக்காது.

மறுத்தேன். அப்போது கர்னல் சொன்னார்: "இதைச் செய்து கொடுங்கள். கருவிகள் கைக்கு வந்த மறுவாரம் எண் இரண்டை நீக்கும் ஆணையில் நானே கையெழுத்திடுகிறேன். என் சொல்லைத் தருகிறேன்."

ஓர் இரவுக்கு எதிராக ஒரு பருவம். இது பொறியியல் சார்ந்த மதிப்பீடு. ஒப்புக்கொண்டேன்.

முனிரத்தினத்திடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நம்ம ஊர்ல கவர்னர் இருந்தாத்தான் வண்டி ஓடாது. இங்க இல்லேன்னா ஓடாது. இன்னா சார் நாடு இது!"

சுகிர்தா சிரிக்கவில்லை. "ஒரு ராத்திரிதானே எண்டு சொல்லுறியள். ராத்திரி எண்டால் ஆக்களுக்கு வருத்தம், காய்ச்சல் வராதோ சேர்?"

விமானிகள் பராமரிப்பு முடிவுகளில் கருத்துச் சொல்வது மரபன்று என்று நினைவூட்டினேன்.

டிசம்பர் 4, வியாழன்

ஓதில் பயணம் ஒழுங்கு. பெனுவா அனுப்பிய கருவாட்டை முனிரத்தினம் ஹேங்கரின் வெல்டிங் மேசையில் சுட்டார். தடைசெய்திருக்க வேண்டும். ஒரு துண்டு உண்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

தூதுக்குழு ஓதிலுக்குச் சென்று திரும்பியது. இருபது இருக்கைகளும் நிரம்பியிருந்தன. அவர்களுக்குப் பயணம் பிடித்திருந்தது. சங்குகள் வாங்கி வந்தார்கள்.

சுகிர்தா இறங்கியதும், "பெனுவா ஒரு மாதிரி கூனிக்கொண்டு நிண்டவர் சேர். கேட்டால், ஒண்டுமில்லை, மனுசி அடிச்சுப் போட்டாள் எண்டு பகிடி விடுறார்" என்றாள்.

மாலையில் கவர்னரை எண் இரண்டுக்கு மாற்றினோம். வேலை செம்மையாக அமைந்தது. எண் ஒன்றின் எஞ்சினில் அது இருந்த இடத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டினேன்.

டிசம்பர் 12, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காலை வானொலியில் பெனுவா வரவில்லை. அவருடைய மனைவி வந்தாள். காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாட்களாக அவருக்கு அடிவயிற்றில் வலி. இரவில் திடீரென்று வலி நின்றது. விடியும்போது காய்ச்சல் கொதிக்கிறது, வயிறு பலகை போல இறுகியிருக்கிறது என்றாள். தலைநகர் மருத்துவமனையில் கேட்டோம். குடல்வால் வெடித்திருக்கும், இன்றே கொண்டுவாருங்கள் என்றார்கள்.

சுகிர்தா ஹேங்கருக்குள் ஓடி வந்தாள். "சேர், கவர்னரைக் கழட்டுங்கோ. எண் ஒண்டில பூட்டுங்கோ. நான் வெளிக்கிடுறன்."

அணிவகுப்பில் நிற்கும் விமானத்தைத் தொடக் கர்னலின் அனுமதி வேண்டும் என்று சொல்லி அவரிடம் சென்றேன். அவர் வெள்ளைக் கையுறை அணிந்துகொண்டிருந்தார். முழுமையாகக் கேட்டார். முகம் வாடியது, நடிப்பன்று. பிறகு சொன்னார்: "விருந்தினர்கள் பத்து மணிக்கு வருகிறார்கள். எஞ்சினை ஓட்டிக் காட்டியதும் உடனே கழற்றிக்கொள்ளுங்கள். சற்று நேரம்தானே, பொறியாளரே."

கழற்றிப் பொருத்திச் சோதிக்க மேலும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றேன். அப்படியானால் இப்போதே கருவிகளை எடுத்து வைத்துத் தயாராக இருங்கள் என்றார்.

என் அறைக்குத் திரும்பி எதிர்ப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். எழுத்தில் இல்லாத எதிர்ப்பு எதிர்ப்பன்று. முதல் படியில் ஒரு சொல் சரியாக அமையவில்லை, மீண்டும் அடித்தேன். இரண்டாம் படியில் கையெழுத்திடும்போது சன்னலுக்கு வெளியே பார்த்தேன். சுகிர்தா பறக்கும் உடையில், தோளில் ஏணியைச் சுமந்துகொண்டு, அணிவகுப்புத் திடலைக் குறுக்காகக் கடந்து எண் இரண்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் முனிரத்தினம் கருவிப் பெட்டியுடன், கோழி திருடப் போகிறவரைப் போல இருபுறமும் பார்த்தபடி நடந்தார்.

நானும் அதே முடிவுக்கு ஏற்கெனவே வந்திருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கடிதம் முடிந்ததும் அதைத்தான் செய்வதாக இருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் எஞ்சினின் மூடியைத் திறந்துவிட்டாள்.

"இறங்கு. இது உன் வேலை இல்லை."

"அப்ப நீங்க செய்யுங்கோ சேர். கடுதாசியால கழட்ட ஏலாது."

ஸ்பேனரை அவள் கையிலிருந்து வாங்கினேன். அவள் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டாள். முனிரத்தினம் கீழிருந்து விளக்குப் பிடித்தார்.

கவர்னரைப் பிடித்திருக்கும் நட்டுகளுள் கடைசியானது எஞ்சினின் பின்பக்கம், கை நுழையாத இடத்தில் இருக்கிறது. அதற்கு நான் வந்தபோது விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். வாத்தியக் குழு தேசிய கீதத்தைத் தொடங்கியது. திடல் முழுவதும் விறைத்து நின்றது. நான் ஏணியின் மேல், முழங்கை வரை எண்ணெயுடன், எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தேன்.

"சார்," என்றார் முனிரத்தினம் கிசுகிசுப்பாக, "தேசிய கீதம். அட்டென்ஷன்ல நிக்கறதா, நட்டப் புடிக்கறதா?"

"நட்டைப் பிடியுங்கள்."

கீதம் முடிந்தது. கவர்னர் என் கையில் இருந்தது. திரும்பினேன். அமைச்சர், தூதுக்குழு, அவர்களின் மனைவியர், பள்ளிப் பிள்ளைகள், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியின் முன் கர்னல் நின்றார். சில நொடிகள் அவரால் ஒன்றும் பேச முடியவில்லை. என் பணிக்காலத்தின் மிக நல்ல நொடிகள் அவை.

பிறகு அவர் பேசினார். "மாண்புமிகு விருந்தினர்களே, இன்று எஞ்சினை ஓட்டிக் காட்டுவதாக இருந்தோம். அதைவிட மேலான ஒன்றைக் காண்கிறீர்கள். தொலைதூரத் தீவில் ஓர் உயிர் ஆபத்தில் இருக்கிறது. எங்கள் படையில் எந்த விமானத்தின் எந்தப் பாகமும், தேவை வரும் கணத்தில், மற்றொரு விமானத்துக்குத் தன்னைத் தரும். இதுவே எங்கள் தயார்நிலை."

கைதட்டினார்கள். அமைச்சர் கண்களைத் துடைத்துக்கொண்டார். தூதுக்குழுவில் ஒருவர் என்னைப் படம் எடுத்தார். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே கீழ்ப்படியாமை கைதட்டலுடன் நிறைவேறியது.

எண் ஒன்றில் பொருத்தினேன். எஞ்சினை ஓட்டிச் சோதித்தேன். சுகிர்தா விமானி இருக்கையில் வாரைக் கட்டிக்கொண்டே, "நம்பலாமோ சேர்?" என்றாள்.

"நான் பொருத்தியது."

"அப்ப சரி."

நண்பகலுக்குப் பின் புறப்பட்டாள். வெளிச்சம் மங்குமுன் பெனுவாவுடன் இறங்கினாள். அதுவரை ஓடுபாதையின் ஓரத்தில் நின்றேன். புதிதாகப் பொருத்திய பாகத்தின் முதல் பறப்பைப் பொறியாளர் கவனிப்பது வழக்கம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது முதல் முறையாகப் பெனுவாவைப் பார்த்தேன். குரலுக்குப் பொருந்தாத சிறிய மனிதர்.

சுகிர்தா காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை. என் மதிய உணவு மீந்திருந்தது. கொடுத்தேன்.

டிசம்பர் 13, சனி

அறுவை முடிந்தது. உயிர் இருக்கிறது. வேறு எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

டிசம்பர் 14, ஞாயிறு

அவ்வாறே.

டிசம்பர் 16, செவ்வாய்

காய்ச்சல் இறங்கியது. பிழைத்துக்கொள்வார்.

செய்தித்தாளின் முதல் பக்கத்தில் என் முதுகின் படம். 'தயார்நிலையின் நாயகன்: தலைமைப் பொறியாளர் திரு. சிவசைலம்.' முனிரத்தினம் அதை வெட்டி ஹேங்கரின் கதவில் ஒட்டியிருக்கிறார். கிழித்தேன். மாலைக்குள் இன்னொன்று ஒட்டப்பட்டிருந்தது.

டிசம்பர் 19, வெள்ளி

கர்னல் அழைத்தார். காப்பி. வாக்களித்த ஆணையைக் கேட்டேன்.

"எந்த விமானத்தை நீக்கச் சொல்கிறீர்கள்? ஓர் உயிரைக் காத்த விமானத்தையா?" என்றார். கேலியே இல்லை. உண்மையாகவே மனம் நெகிழ்ந்திருந்தார். நாடாளுமன்றத்தில் எண் இரண்டுக்குப் பாராட்டுத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. தூதுக்குழு மூன்று விமானங்களுக்கும் கருவிகள் தர இசைந்திருக்கிறது. பாகம் மாற்றும் அந்தக் காட்சி இனி ஆண்டுதோறும் நடைபெறும். அதற்கு ஒத்திகையாக, காலாண்டுக்கு ஒரு முறை எண் ஒன்றின் கவர்னரை எண் இரண்டுக்கும், அங்கிருந்து திரும்பவும் மாற்றிப் பழக வேண்டும். முதல் ஒத்திகை ஜனவரியில். நேரம் கணிக்க நிறுத்துகடிகாரம் வாங்கப்பட்டுவிட்டது.

மாற்ற வேண்டிய தேவையே நாம் உண்டாக்கியதுதானே என்று கேட்டேன். கவர்னர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் அவள் காலையிலேயே புறப்பட்டிருப்பாள்.

"ஆனால் அந்த மனிதர் பிழைத்துவிட்டார்," என்றார் கர்னல் மென்மையாக. "முறை வேலை செய்தது."

பெனுவா பிழைத்ததில் எனக்கு வருத்தம் என்று எவரும் கருதலாகாது. ஆயினும் அவருடைய உயிர் இப்போது ஒரு வாதம் ஆகிவிட்டது. அந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அவர் இறந்திருந்தால் எண் இரண்டை நீக்கியிருப்பார்கள். இந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். அடிக்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

பெனுவா ஊர் திரும்பினார். மருத்துவமனையிலிருந்து நேரே விமானத் தளத்துக்கு வந்து, கர்னலின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு அழுதார். எனக்கும் நன்றி சொன்னார். பதினோராம் தேதியன்றே ஏறிவிடலாம் என்று நினைத்தீர்களா என்று சுகிர்தாவை விட்டுக் கேட்டேன். அவருக்கு என் மொழிகள் தெரியாது. அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நினைச்சவராம். விருந்தாளியளால பிளேன் நிரம்பியிருந்ததாம். கரைச்சல் குடுக்க விருப்பமில்லையாம். அடுத்த கிழமை வரும்தானே எண்டு விட்டவராம்."

அடுத்த வாரம் விமானம் வரும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. நமக்கு மட்டும்தான் உண்டு.

மரகதம் பேசினாள். அந்தப் படம் யார் மூலமோ அவள் கைப்பேசிக்குப் போயிருக்கிறது.

"முதுகப் பாத்தே கண்டுபிடிச்சிட்டேன். மெலிஞ்சிருக்கிய. வந்துருங்க."

"மார்ச் வரை ஒப்பந்தம் இருக்கிறது."

"ஒப்பந்தம் ஒங்களப் புடிச்சு வச்சிருக்கா, நீங்க அதப் புடிச்சு வச்சிருக்கியளா?"

தொடர்பு தெளிவாக இல்லை என்று சொல்லி வைத்தேன். தெளிவாகத்தான் இருந்தது.

ஜனவரி 7, புதன்

முதல் ஒத்திகை. கர்னல் நிறுத்துகடிகாரத்துடன் நின்றார். கவர்னர் எண் இரண்டுக்குப் போய், திரும்பி வந்தது. எண் ஒன்றில் மீண்டும் பொருத்தும்போது கடைசி நட்டு பிடிமானமின்றிச் சுற்றியது. அதைத் தாங்கும் திருகாணியின் புரி முழுவதும் போய்விட்டது.

கர்னல் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கடந்த முறையைவிட விரைவு என்று பாராட்டிச் சென்றார்.

நாளைய ஓதில் பயணம் ரத்து. சுகிர்தாவிடம் சொன்னேன். அவள் ஓதிலுக்குத் தெரிவிக்க வானொலி அறைக்குப் போனாள். என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

ஜனவரி 9, வெள்ளி

எண் இரண்டின் எஞ்சினிலிருந்து திருகாணியைக் கழற்றி எண் ஒன்றில் பொருத்தினேன். எண் ஒன்று பறக்கும் நிலையில் உள்ளது. தற்காலிகமாக.

எண் இரண்டின் எரிபொருள் தொட்டிகளை வடித்துக் காற்றூட்டத் தொடங்கினேன். ஆய்வுக்காக என்று பலகையில் எழுதினேன்.

ஜனவரி 12, திங்கள்

எண் இரண்டிலிருந்து பயன்படக்கூடிய எல்லாவற்றையும் கழற்றுகிறோம். ஆய்வுக்காக. விசிறிகள், கவர்னர், குழாய்கள், சக்கரங்கள், இறுதித் திருகு வரை. முனிரத்தினம் முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. இன்று கேட்டார்.

"இவ்ளோ ஆய்வு எதுக்கு சார்? போஸ்ட்மார்ட்டம் மாதிரி இருக்கு."

"போஸ்ட்மார்ட்டத்துக்கு முன் ஒன்று நடந்தாக வேண்டும்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "கட்டிங் மிஷினுக்கு நல்ல பிளேடு ஸ்டோர்ல கெடக்கு சார். எடுத்து வெக்கறேன்" என்றார்.

ஜனவரி 14, புதன்

கர்னல் பிரிகேடியர் பதவி தொடர்பாக அமைச்சகத்துக்குப் போயிருந்தார். இந்தத் தேதியை அதனால்தான் தேர்ந்தேன்.

"இன்னிக்கு போகி சார்," என்றார் முனிரத்தினம். "பழசக் கழிக்கற நாளு. நல்ல நாளாப் பாத்துத்தான் புடிச்சீங்க."

இறக்கைகளின் கீழ் முட்டுகள் கொடுத்தோம். விமானத்தின் இரு இறக்கைகளையும் தாங்கி, உடலின் மேலாக ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடும் முதன்மை உத்தரம் ஒன்று உண்டு. மற்ற எதை உடைத்தாலும் பழுது பார்க்கலாம். அதை வெட்டிவிட்டால் உலகில் எந்தப் பட்டறையும் அந்த விமானத்தைத் திரும்ப ஏற்காது. எந்த நாடும் அதை விமானம் என்று எண்ணாது.

முனிரத்தினம் மின்வடத்தைப் பிடித்தார். சுகிர்தா ஹேங்கரின் வாயிலில் நின்றாள். போய்விடும்படி சொன்னேன்.

"நான் ஒண்டும் பாக்கேல்லை சேர். காத்து வாங்கிறன்."

வலப்புறம் முதலில். நல்ல உலோகம், எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வடிவமைப்பைச் செய்தவர்கள் தம் வேலையை அறிந்தவர்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் ஒரு கணம் தோன்றியது. இடப்புறம் வெட்டி முடித்தபோது இறக்கை முட்டின் மேல் ஒரு விரற்கடை அளவு இறங்கி அமர்ந்தது. அவ்வளவுதான். பெரிய ஓசை ஒன்றும் இல்லை.

முனிரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "போய்ட்டா சார்."

யாராவது கேட்டால் மதிய உணவுக்குப் போயிருந்ததாகச் சொல்லும்படி அவருக்கு ஆணையிட்டேன். அவர் ஒப்பந்தம் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கிறது.

மாலையில் கர்னல் வந்தார். இறக்கையின் அடியில் நின்று அந்த வெட்டை நெடுநேரம் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"யார் செய்தது?"

"நான்."

"தனியாகவா?"

"நா சாப்பாட்டுக்குப் போய்ட்டேன் சார்," என்றார் முனிரத்தினம், யாரும் கேட்காமலே, தமிழில். தலை முழுக்க உலோகத் தூள் மின்னியது.

"மூன்றாக இருந்ததை இரண்டாக்கிவிட்டீர்கள்," என்றார் கர்னல்.

"இல்லை. ஒன்றாக இருந்தது. அதை ஒன்றாகவே இருக்கவிட்டேன்."

நாளை மாலை விமானத்தில் நான் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். வழக்குத் தொடர்ந்தால் செய்தி வெளியே போகும், ஆகவே தொடரமாட்டார்கள். எண் இரண்டு, ஓர் ஆய்வின்போது நேர்ந்த 'உலோகச் சோர்வால்' படையிலிருந்து நீக்கப்படுகிறது. ஆணையில் கர்னல் கையெழுத்திட்டார். இன்று காப்பி வரவழைக்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பெட்டி கட்டினேன். அதிகம் இல்லை.

உதிரிப் பாகங்கள் அனைத்தையும் முனிரத்தினம் அலமாரியில் அடுக்கிவிட்டார். எண் ஒன்றுக்கு முதன்முறையாக ஓர் உபரிக் கவர்னர் இருக்கிறது. யாரிடமும் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாதது.

காலையில் சுகிர்தா விடுதியின் வாசலுக்கு வந்தாள். அவளுடைய தாய் பொங்கல் கொடுத்தனுப்பியிருந்தாள். வைத்துவிட்டு நின்றாள்.

"சேர், இனி ஆர் என்னை மரபு மரபெண்டு பேசுறது?"

"நீயே உனக்குச் சொல்லிக்கொள்."

"சாப்பிடுங்கோ. ஆறப் போகுது." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "இண்டைக்கு வியாழன். ஓதில் காத்துக்கொண்டிருக்கும்."

போய்விட்டாள்.

பொங்கலில் இனிப்பு சற்று அதிகம். முழுவதும் உண்டேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது எண் ஒன்று மேலெழும் ஒலி கேட்டது. இரண்டு விசிறிகளும் ஒரே வேகத்தில், ஒன்றுக்கொன்று பிந்தாமல் சுழன்றன. ஒலி கடலின் மேல் தேய்ந்து மறையும்வரை கவனித்தேன்.

குறை எதுவும் இல்லை.